கூண்டுக்குள் கேட்ட குரல்

டவர் கிரேன் ஓட்டும் அந்தப் பெண்ணை வேலைத்தளத்தில் உச்சாணி என்றால்தான் யாருக்கும் தெரியும். தரையிலிருந்து அவள் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்கு முந்நூற்று இருபது இரும்புப் படிகள். ஒருநாள் மேகம் ஒன்று கூண்டுக்குள் புகுந்து அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் உட்கார்ந்துகொண்டதாகவும், அவள் அதைக் கரண்டியால் வழித்து வெளியே எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டதாகவும் சொல்வார்கள். மேகத்தைக் கழித்துவிட்டால் மற்றதெல்லாம் நிஜம். பதினொரு வருடம் பள்ளிக்கூடப் பை தைத்தவள், முப்பத்து மூன்றாம் வயதில் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு கிரேன் பயிற்சிக்குப் போனாள். கூடப் படித்த இருபது ஆண்களில் பத்தொன்பது பேரை முந்தினாள். முந்த முடியாத அந்த ஒருத்தர்தான் இப்போது அவளுக்கு ஃபோர்மேன்.

எட்டு வருடம் ஒரு சிராய்ப்பு இல்லாமல் ஓடிய வண்டி போன மாதம் இடறியது. சுமை எங்கே போக வேண்டும் என்று சொல்வதற்கென்றே மொட்டைமாடியில் ஒரு சிக்னல்காரர் நிற்பார். வாக்கி டாக்கியில் அவர் சொல்கிறபடிதான் கிரேன் நகர வேண்டும். அன்று கம்பிக்கட்டை இறக்கும் நேரம் பார்த்து இன்ஜினியர் குறுக்கே புகுந்து "இடது! இடது!" என்று கத்தினார். இவளும் திருப்பினாள். கம்பிக்கட்டு சாரத்தில் இடித்து, பத்துப் பலகையைப் பிய்த்து எறிந்தது. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை.

ஃபோர்மேன் எச்சரிக்கைக் கடிதத்தோடு வந்தார்.

"ஏம்மா, நீ கிரேன் ஓட்டுறியா, பாட்டுக் கச்சேரி கேக்குறியா? இனிமே சிக்னல்காரர் குரல் ஒண்ணுதான் உன் காதுல விழணும். வேற எவன் கத்தினாலும் திரும்பாத. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சு, கூண்டை மறந்துடு. கீழ ஸ்டோர்ல உக்காந்து ஆணி எண்ணு."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வெறி, கவனம். சாப்பிடும்போது தட்டை மட்டும் பார்த்தாள். புருஷன் மூன்று தரம் கூப்பிட்டாலும் கையிலிருக்கும் துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "வீட்ல நான் ஒருத்தன் இருக்கேன், அது உனக்குத் தெரியுமா?" என்று அவர் சுவரைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார். வாரம் மூன்று சாயங்காலம் நாத்தனாரோடு ஜோடி சேர்ந்து இறகுப்பந்து ஆடும் இடத்திலும் அதே கதைதான். நாத்தனார் பல் டாக்டரிடம் உதவியாளர். அவள் பின்வரிசை, இவள் முன்வரிசை. பந்து ஒன்றைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு ஆடினாள் உச்சாணி. முதலில் நன்றாகத்தான் இருந்தது. வலைக்குப் பக்கத்தில் வந்த ஒரு பந்தும் தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அந்த விளையாட்டுக் கூடத்தின் போட்டியில் கடைசி ஆட்டம். இவர்கள் இருபது, எதிராளிகள் பத்தொன்பது. எதிர்ப்பக்கத்துக்காரி பதற்றத்தில் பந்தை ஓங்கி அடித்துவிட்டாள். அது உச்சாணியின் தலைக்கு மேலே பறந்து, பின்கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி விழப் போகிற பந்து. சும்மா நின்றிருந்தால் கோப்பை இவர்களுக்கு. உச்சாணி எம்பினாள், எட்டினாள், அடித்தாள். பந்து வலையில் முட்டித் தொப்பென்று விழுந்தது. அதன் பிறகு இரண்டே புள்ளி. முடிந்தது.

நாத்தனார் மட்டையை உறையில் போடவே இல்லை.

"அண்ணி, 'விடுங்க விடுங்க'ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். காதுல என்ன, சிமெண்ட் பூசிட்டாங்களா?"

"நீ கத்தினியா? சத்தியமாக் கேக்கலடி. பந்தை மட்டும் பாக்கணும்னு..."

"பாருங்க, யாரு வேணாம்னா? ஆனா கோடு உங்க முதுகுக்குப் பின்னாடில்ல இருக்கு! அது என் கண்ணுக்குத்தான் தெரியும். உங்களுக்கு என் குரல் வேணாம்னா, நான் எதுக்குப் பின்னாடி நிக்கிறேன், தரை துடைக்கவா?"

பல் பிடுங்குகிற இடத்தில் வேலை செய்கிறவள் அல்லவா, வலிக்கும் இடம் பார்த்துத்தான் தொடுவாள்.  தோற்றதைவிட, கூப்பிட்டது காதிலேயே விழவில்லை என்பது உச்சாணிக்குத் திகிலாக இருந்தது.

மறுநாள் காலை தூக்க வேண்டியது லிஃப்ட் மோட்டார் ஒன்று. இரும்புச் சட்டத்தில் பூட்டியது, மூன்று டன். பதினாலாம் மாடிக்கு மேலே மொட்டைமாடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். காற்று வேகம் காட்டும் முள் அனுமதித்த கோட்டுக்குச் சற்றுக் கீழேயே துள்ளிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணியில் அது ஏறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"காத்து வர்றதுக்குள்ள முடிச்சிரு. நடுவுல நிக்காத," என்றார் ஃபோர்மேன்.

சட்டத்தின் நான்கு மூலையிலும் நான்கு பெல்ட், நான்கும் மேலே ஒரே கொக்கியில். உச்சாணியின் காலடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மோட்டாரின் தலை மட்டும் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. சிக்னல்காரருக்கும் மேலிருந்து தலைதான் தெரியும்.

"மேல... மெதுவா மேல..."

மூன்றாவது மாடி. ஐந்தாவது.  வாக்கி டாக்கி ஒருமுறை கரகரத்தது. காற்று. ஏழாவது. மறுபடி ஏதோ கீச்சிட்டது. கவனம், கவனம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"மேல... அப்படியே வா, நல்லா வருது..."

"நிறுத்து!"

மெலிந்த பெண்குரல். யாருடையதென்று தெரியவில்லை.

"நிக்காத, மேல வா," என்றார் சிக்னல்காரர், தன் மாறாத குரலில்.

மூச்சு இழுக்கிற நேரம்தான் இருந்தது. நிறுத்தி, அது வெறும் கூச்சலாக இருந்து, காற்று ஏறி, மோட்டார் நடுவானில் ஆட ஆரம்பித்தால் நாளைக்கு ஸ்டோரில் ஆணி. பயிற்சியின் முதல் நாள் பலகையில் எழுதிப் போட்டிருந்தது கண்முன் வந்தது: போ என்று சொல்ல ஒருத்தர், நில் என்று சொல்ல எல்லோரும். உச்சாணி லீவரிலிருந்து கையை எடுத்தாள். மோட்டார் எட்டாம் மாடிக்கு நேரே நின்று, லேசாக ஆடியது.

"ஏய் உச்சாணி! யாரைக் கேட்டு நிறுத்தின?" ஃபோர்மேன் குரல் கூண்டையே கிழித்தது.

"நிறுத்துன்னு சொன்னாங்க சார்."

"எவ சொன்னா? தூக்கு!"

"சொன்னவங்க ஏன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் தூக்க மாட்டேன்."

முள் கோட்டைத் தொட்டது. மெலிந்த குரல் திக்கித் திக்கி வந்தது: "நான் பெயிண்டருங்க... கிழக்குச் சுவத்துல தொங்கு பலகையில நிக்கிறேன். அடியில ஒரு பெல்ட்டு இரும்பு விளிம்புல உரசுது. மெத்தைக்கு வச்ச சாக்கு நழுவிப் போச்சு. பெல்ட்டு பாதி அறுந்துருச்சு. இன்னும் அறுந்துட்டே இருக்கு!"

 ஃபோர்மேனின் குரல், வேறொரு ஆளுடையதைப் போல: "கீழ எல்லாரையும் விரட்டு. உச்சாணி... மெதுவாம்மா. குலுங்காம இறக்கு."

எட்டு மாடி. ஏறியது நான்கு நிமிடம், இறங்கியது பத்தொன்பது. சிக்னல்காரர் கீழே என்றார். பெயிண்டர் பெல்ட்டைப் பார்த்துச் சொன்னாள். ஒரு காதில் ஒன்று, இன்னொரு காதில் இன்னொன்று என்று பிரித்து வைத்துக்கொண்டாள் உச்சாணி. நாலாம் மாடியில் காற்று ஒரு அறை அறைந்தது. "ஐயோ, இன்னும் ரெண்டு இழை போச்சு" என்றாள் பெயிண்டர். உச்சாணி நிறுத்தினாள், ஆட்டம் அடங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள், மறுபடி இறக்கினாள். மோட்டார் தரையைத் தொட்டபோது அவளுக்குக் கழுத்து திரும்பவில்லை. அறுபடாமல் மிஞ்சியிருந்த பெல்ட் இரண்டு விரல் அகலம்.

முந்நூற்று இருபது படியும் இறங்கி வந்தாள்.  முகமெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் தெறித்த ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"உன்னாலதான் தப்பிச்சோம்," என்றாள் உச்சாணி.

"என்னக்கா நீங்க, மூணு தடவை கத்தினேன்! முதல் ரெண்டு தடவை நீங்க பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போறீங்க. எனக்கு உயிரே இல்ல."

உச்சாணி குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

ஃபோர்மேன் வந்து அறுந்த பெல்ட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காத்து குறைஞ்சதும் புது பெல்ட்டு போட்டுத் தூக்கணும். உன்னால முடியுமா, இல்ல நாளைக்கு வச்சுக்கலாமா?"

"முடியும் சார். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு."

மூன்று மணிக்குக் கூண்டில் உட்கார்ந்து வாக்கி டாக்கியை எடுத்தாள். "கையில இது வச்சிருக்கிற எல்லாரும் ஒவ்வொருத்தரா 'நிறுத்து'ன்னு சொல்லுங்க. எனக்குக் குரல் தெரியணும்."

சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சிக்னல்காரர், இன்ஜினியர், சளி பிடித்த எலெக்ட்ரீஷியன், பெயிண்டர். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கினாள். தளத்தில் வாக்கி டாக்கி பன்னிரண்டு; ஒன்று குறைந்தது.

"ஃபோர்மேன் சார், உங்க குரல் இன்னும் வரல."

 அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல் சொன்னார்: "நிறுத்து."

"கேட்டுச்சு சார்," என்று உச்சாணி லீவரைப் பிடித்தாள்.