கப்பலாகப் போன முன்னுரை

சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றுக்கு முன்னுரை எழுதிக் கொடுத்திருந்தேன். "கடைசியில உங்க முகவரியப் போடலாமா சார்? வாசகர்கள் எழுதுவாங்க" என்று போனில் கேட்டார் பதிப்பாளர். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் பந்தல்குடித் தெருவில் மழைத்தண்ணீர் ஓடுவது வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்படி ஒருநாள் கப்பல் விடக் காகிதம் தேடினேன். என் அக்கா ஸ்டெல்லாவின் சித்திரக்கதைப் புத்தகம் கிடைத்தது. படங்களைக் கிழிக்க மனசு வரவில்லை. முன்னால் ஒரு நாவலாசிரியர் எழுதிய முன்னுரை, வெறும் எழுத்தாக ஒரு தாள் இருந்தது. அதைத்தான் கிழித்தேன். அக்கா கதையைவிட்டு அதைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பாள் என்பது தெரிந்தும் கிழித்தேன்.

எட்டாவதோடு படிப்பு நின்று, பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள் நனைந்தபடி வந்தாள்.

"ஏலே, அதுலதான அவுக விலாசம் இருந்துச்சு. எழுதுங்க, பதில் போடுறேன்னு சொல்லியிருந்தாகள்ல."

வாய்க்கால் வரைக்கும் ஓடினாள். காகிதம் கூழாகிக் கிடந்தது. அந்த நாவலாசிரியருக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதத்தைத் தன் பைபிளுக்குள் மடித்து வைத்திருந்தாள். அந்தத் தை மாதமே அவளைத் திருச்சுழியில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அவளுக்குப் போன் போட்டேன்.

"யக்கா, அந்த நாவல் எழுதுறவருக்கு லெட்டர் வச்சிருந்தியே, அதுல என்ன எழுதியிருந்த?"

"எந்த லெட்டருடா?"

"நான் கப்பல் விட்டேன்ல, அன்னைக்கு."



"நானா? எனக்கு எங்கிட்டு லெட்டரெல்லாம் எழுதத் தெரியும்? இங்க மழ இருட்டிக்கிட்டு வருது, வத்தல அள்ளணும். வைக்கட்டா?"