சேவலுக்குக் காவல்

பெரியம்மா சந்தேகப்படாதவர்கள் எங்கள் கல்லல் ஊரில் இரண்டே பேர். ஒருவர் கருப்பர் சாமி, இன்னொருவர் பெரியப்பா. அந்தப் பெரியப்பா அப்போது மதுரை ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார். அவர் சுகமாக வீடு திரும்பினால் அறுப்பதாக, ஒரு செஞ்சேவலைக் கருப்பருக்கு நேர்ந்து விட்டிருந்தாள் பெரியம்மா.

அந்த நேரம் பார்த்து ஊருக்குள் கோழிக்கழிச்சல் வந்து தொலைத்தது. காலையில் மேய்ந்த கோழி மாலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர் ஒருவர், பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு மருந்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். நல்ல கோழிக்கு ஊசி போடுகிறேன் என்றார். நோய்க்கோழியைத் தொட்ட கையால் நல்ல கோழியைத் தொடாதீர்கள் என்றார். அதோடு நின்றிருக்கலாம். செத்த கோழி இருந்தால் கொடுங்கள், என்ன நோய் என்று சோதனைக்கு அனுப்பவேண்டும் என்றும் கேட்டுவிட்டார். செத்த கோழியைக் கேட்டு வாங்குகிறவன் எப்படி நல்லவனாக இருப்பான்? நேர்ந்துவிட்ட சேவலை ஊசியால் குத்திவிட்டால் பிறகு அது சாமிக்கும் ஆகாது. எங்கள் வீட்டில் சேவலே கிடையாது என்று சாதித்தாள் பெரியம்மா. உள்ளேயிருந்து சேவல் கூவியது. கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே சைக்கிளை நகர்த்தினார்.

எதிர்வீட்டு டீச்சர் தம் கோழிகளுக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டார். அவை சாகவில்லை. பெரியம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"நம்ம கோழி சுருண்டு சுருண்டு விழுது, அந்தம்மா கோழி மட்டும் எப்படிடி மேயும்? என்னமோ வச்சிருக்கா."

சேவலை நெல் அறைக்குள் பஞ்சாரக் கூடை போட்டுக் கவிழ்த்தாள். வாசற்படியில் நான் காவல். யார் வந்தாலும் சொல்லவேண்டும், டீச்சர் வந்தால் கத்தவேண்டும். பள்ளிக்கூடம் லீவு, எனக்குப் பெருமை தாங்கவில்லை. நெல் அள்ள வந்த அம்மாவையே திருப்பி அனுப்பினேன்.

பெரியம்மா கொல்லையில் சுருண்டு கிடந்த கோழிகளை மடியில் போட்டு, அலகைப் பிளந்து, அரைத்த வெங்காயமும் மஞ்சளும் ஊட்டுவாள். அப்படியே எழுந்து உள்ளே வந்து சேவலுக்குக் கம்பு கொடுப்பாள். அது அவள் உள்ளங்கையிலிருந்தே கொத்தித் தின்னும். வேறு யார் கையையும் அவள் நம்பவில்லை.

ஒருநாள் பஞ்சாரத்தைத் தூக்கினால் சேவலும் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தது. மதியத்துக்குள் அடங்கிவிட்டது. பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. பெரியப்பாவின் உயிரையே யாரோ எடுத்துவிட்டதுபோல என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உண்மையச் சொல்லு. உள்ள யாருடி வந்தது?"

"யாருமே வரல பெரியம்மா. நீங்க மட்டுந்தான் வந்தீக."

அடி விழுமென்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேவலைச் சாக்கில் சுற்றி, கம்பவுண்டரிடம் கொடுத்தனுப்பச் சொன்னாள்.

பெரியப்பா நல்லபடியாகத் திரும்பி வந்தார். கருப்பருக்கு டீச்சர் வீட்டில் வாங்கிய சேவலைத்தான் அறுத்தோம். ஊசி போட்டதா என்று சாமி கேட்கவில்லை, பெரியம்மாவும் சொல்லவில்லை.

ஆனால் சேவல் செத்த அன்றைக்கு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு ஈ காக்கையைக்கூட உள்ளே விடாமல் காவல் காத்திருக்கிறேன். அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல், கிணற்றடியில் உட்கார்ந்து இந்தப் பெரியம்மா எதற்கு இத்தனை நேரம் கையைக் கழுவுகிறாள்?