படகு முகப்பில் வெட்டிய ஒப்பம்

புதுக்கடை சந்திப்பில் நிற்கிற கடை நான் கட்டியது. அதன் மேல் இருக்கிற வீடும் நான் கட்டியது. தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் இறங்கிய விசைப்படகுகளில் பாதிக்கு மேல் பெயர் எழுதியது இந்தக் கை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிளக்ஸ் வந்தபோது என்னோடு எழுத்து வேலை செய்தவர்கள் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். நான் கணினி வாங்கினேன். திரையில் இருக்கிற ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எந்தப் படத்தை அமுக்கினால் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தே மனதில் ஏற்றினேன். இன்று அந்த மென்பொருளில் என்னைவிடச் சுத்தமாக ஒரு வளைவு இழுக்கிறவன் இந்த வட்டாரத்தில் இருந்தால் வரட்டும், பார்க்கிறேன்.

இவ்வளவு செய்தவனின் பெயரை ஒருவன் பிளேடால் நறுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறான்.

அவன் ஷார்ஜாவில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பியவன். அவனுடைய அப்பாவின் விசைப்படகைப் பழசாகிவிட்டதென்று உடைத்து விற்றுவிட்டார்கள். அதை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் மரத்தில் செய்தான். நன்றாகத்தான் செய்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். வலை இழுக்கிற வின்ச்சு, டீசல் புகைக்குழாய், ஓரத்தில் கட்டித் தொங்கவிட்ட பழைய டயர் வரைக்கும் இருந்தது. பெயர் மட்டும் இல்லை. பழைய போட்டோ ஒன்றை அப்படியே சுருக்கி, ஸ்டிக்கர் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தான்.

"அண்ணா, இது ஏன் இப்பிடி மங்கிக் கெடக்கு?"

"கொசுவ அடிச்சு ஒட்டுன மாதிரில்லா இருக்கு. தூரப் போடு மக்கா."

போட்டோவைச் சுருக்கினால் எழுத்து கூழாகிவிடும். நான் அந்தப் போட்டோவைத் திரையில் அடியில் வைத்து, மேலே ஒவ்வொரு எழுத்தையும் கோடும் வளைவுமாகத் திரும்ப வரைந்தேன். வரைந்த கோட்டை எவ்வளவு சுருக்கினாலும் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். முகப்பின் இரண்டு பக்கமும் மாதாவின் பெயர், மஞ்சள் எழுத்து, கறுப்புக் கரை, வலப்பக்கம் சிவப்பு நிழல். அந்தப் பழைய படகில் அதைத் தூரிகையால் எழுதியதும் நான்தான் என்பதால், எந்த வளைவு எங்கே திரும்பும் என்று கை அறியும்.

அப்படியே சுருக்கினாலும் சரியாகாது. கறுப்புக் கரை மயிரிழையாகிவிடும், அச்சு இயந்திரம் அதை விழுங்கிவிடும். கரையைக் கொஞ்சம் தடிப்பாக்கி, எழுத்துக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். அதற்கு ஒரு கண் வேண்டும். தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற ஸ்டிக்கர் தாளில் கண்ணாடி வகையும் உண்டு, வெள்ளை வகையும் உண்டு. கண்ணாடித் தாளில் அடித்துப் படகின் நீலப் பலகையில் ஒட்டினால் மஞ்சள் பச்சையாகிவிடும், ஏனென்றால் இயந்திரத்தில் வெள்ளை மை கிடையாது. ஆகவே வெள்ளைத் தாளை எடுத்து, எழுத்தைச் சுற்றிப் படகின் நீலத்தையும் சேர்த்து அடித்தேன். அந்த நீலம் ஒத்துவர எத்தனை துண்டு அச்சடித்து, வெயிலில் கொண்டுபோய் மரத்தோடு வைத்துப் பார்த்திருப்பேன்! பிறகு மை கரையாமலிருக்க மேலே வார்னிஷ் பீச்சி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு வழுக்கி ஒட்டும் விதத்தையும் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படகானாலும் லாரியானாலும், எழுதி முடித்ததும் அடியில் ஒரு மூலையில் எழுதினவன் தன் பெயரையும் ஊரையும் சின்னதாகப் போடுவான். அதுதான் ஒப்பம். அந்தப் படகிலும் என் ஒப்பம் இருந்தது. ஆகவே தாளிலும் வரைந்தேன். பேனின் ஈர் அளவுதான் வந்தது. பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம்.

திருவிழாவுக்கு வாசகசாலையில் படகைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நானும் போனேன். அந்தப் படகை ஓட்டிய பழைய டிரைவர் வந்தார். இப்போது பார்வை கொஞ்சம் மங்கல், கையில் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். பெட்டியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார்.

"லே, இது நம்ம போட்டாக்கும்! அந்தச் செவப்பு நெழலு பாத்தியா? தொறைமுகத்துல அத்தன போட்டு நின்னாலும் அதவச்சித்தான் நான் கண்டுபிடிப்பேன்."

கூட்டம் கைதட்டியது. செய்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். டிரைவர் மட்டும் நிமிரவில்லை.

"கீழ எழுதுனவன் பேரு கெடக்குமே. அது எங்க போச்சு?"

அப்போதுதான் நான் பார்த்தேன். நீலத்தை நேராக நறுக்கியிருந்தான். ஒப்பம் இல்லை.

"எங்கலே அது?" என்றேன்.

"வெட்டிட்டேன் அண்ணா. ஒரு வெளம்பரம் போல இருந்துச்சு."

"வெளம்பரமா?"

"எனக்க அப்பாக்க போட்டுல ஒங்க கடைக்க பேரு எதுக்கு?"

"ஒனக்க அப்பாக்க போட்டுலதான் அது இருந்துச்சு. அது கடல்ல ஓடுன காலம் முழுக்க இருந்துச்சு. வருசா வருசம் பெயிண்ட் அடிக்கும்போ, 'நீயே வந்து எழுது, ஒனக்க பேரயும் போடு'ன்னு அவரு ஆளனுப்புவாரு. அவருக்கு வலிக்கல, ஒனக்கு வலிக்குதா?"

"சும்மா ஒரு ஸ்டிக்கருக்கு இந்தச் சாட்டமும் சத்தமுமா?" என்றான் பக்கத்தில் நின்ற ஒருத்தன். "அண்ணாக்கு சந்தி முக்குல ஒரு சிலை வச்சிருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை.

ஸ்டிக்கராம்! அவன் செய்த அந்த மரத்தை எழுத்தில்லாமல் துறைமுகத்தில் கொண்டுபோய் வைத்துக் கேளுங்கள், எந்தப் படகென்று. ஒருத்தன் சொல்லமாட்டான். இப்போது எல்லாப் படகும் ஏறக்குறைய ஒரே நிறம், ஒரே சாயல். அந்தக் கிழவர் வின்ச்சைப் பார்த்தா கண்டுபிடித்தார்? டயரைப் பார்த்தா? பழைய டயருக்கு அந்தப் படகில் இடம் உண்டு, எனக்கு இல்லை!

மறுநாள் சமாதானம் பேச வந்தான். பெட்டிக்கு அடியில் இருக்கிற அட்டையில் 'உதவி' என்று போட்டு என் பெயரையும் எழுதுகிறானாம்.

"ஒதவியா? ஏணி பிடிச்சவனுக்குப் போடு அத," என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அட்டை எனக்கு வேண்டாம். அட்டையை நாளைக்கு ஒருத்தன் மாற்றுவான். அசலில் எங்கே இருந்ததோ அங்கே இருக்க வேண்டும். ஆணி வரைக்கும் அசல் மாதிரி செய்திருக்கிறேன் என்று திருவிழாவில் மைக்கில் சொன்னான் அல்லவா? ஆணிக்கு ஒரு நியாயம், எழுதினவனுக்கு ஒரு நியாயமா?

ஒப்பத்தைத் திரும்ப அச்சடித்துவிட்டேன். முகப்பின் இரண்டு பக்கத்துக்கும் இருக்கிறது. நீலம் சரியாக ஒத்திருக்கிறது, வார்னிஷும் காய்ந்துவிட்டது. ஒட்டுவதற்கு யாருடைய கையும் வேண்டாம், நானே வருகிறேன். லே, படகு செய்தவனே, ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்து வை. கண்ணாடியைத் திற. என் பெயரை அந்தப் படகில் போட விடு.