காலை எட்டு முதல் பின்னேரம் இரண்டு வரை

யோகண்ணன் போய்விட்டார் என்று துறைமுகத்திலிருந்து என் மகன் போன் பண்ணினான். அது வெள்ளிக்கிழமை. ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்பதாக இருந்தேன். மூன்று வருடமாக ஏதோவொரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகளோடு ரேடியோவில் பேசுவது அவர் வேலை என்பது ஊரவர்களான உங்களுக்குத் தெரியும். வானத்தில் சுற்றும் பழைய ரொக்கட் துண்டுகள் எப்போது விழும் என்று கணக்குப் பார்ப்பது அவருடைய பைத்தியம். கதிரவெளிக் கரையில் கறுப்பு உருண்டையொன்று ஒதுங்கியபோது, தண்ணீர்த் தாங்கிக்கு ஆகும் என்று தூக்கப்போன அறிவாளி நான்தான்.

"கைய எடடா தம்பி! அது ரொக்கட்டுட காஸ் சிலிண்டர். உள்ளுக்கு நஞ்சு கிடந்தா மறுகா உன்னத்தான் தூக்கணும்."

உருண்டையின் மேல் சுற்றியிருந்த நார் இழைகளைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார்.

பிறகொரு நாள். பெரிய ரொக்கட் பாகமொன்று விழப்போகிறது, அதன் பாதை நம் கடலுக்கு மேலாலும் போகிறது, காலை எட்டு முதல் பின்னேரம் இரண்டு வரை கவனம் என்று படகுகளுக்கு அறிவித்தார். என் மகன் கடலில். ரேடியோ அறைக்கு ஓடினேன்.

"சரியா எத்தின மணிக்கு அண்ணன்?"

"நேரம் சொல்ல ஏலாது. இடைவெளிதான் சொல்லுவன். ஒரு நிமிசம் பிழைச்சா நானூறு கிலோமீற்றர் தள்ளி விழும்."

"அப்ப படகுகளக் கூப்பிடுங்க!"

"எங்க கூப்பிடுற? கரையும் அந்தப் பாதைக்குக் கீழதானே கிடக்கு."

கணக்குப் பாடத்தில் மூன்று தரம் கோட்டைவிட்டவனுக்கு அது ஏறவில்லை. "உங்கட புள்ள கடலில இல்லத்தானே!" என்று கத்தினேன். அங்கே நின்றவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவருக்குப் பிள்ளையே இல்லை. எனக்கும் அது தெரியும்.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கொரு தரம் என் மகனின் படகைக் கூப்பிட்டார். சோற்றுப் பார்சலை அவிழ்க்கவேயில்லை. இரண்டு மணிக்குப் பிறகு, அது பசுபிக் கடலில் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

"போய்ச் சாப்பிடு தம்பி" என்றார், என்னிடம்.

செத்தவீடு முடிந்து மகன் மறுபடி கடலுக்குப் போயிருக்கிறான். எப்போது வருவான் என்று மனைவி கேட்டால், முன்பு வாயில் வந்த நேரத்தைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன். இப்போது, "செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில" என்று சொல்லி, போனை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறேன். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்தக் காத்திருப்பு மட்டும்தான். அவருக்குக் கொடுக்கவேண்டிய மன்னிப்புச் சொல்லும் என்னிடமே கிடக்கிறது.