நூரானின் நத்து

1948 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கிஷ்னி ஷிகார்பூரை விட்டுக் கிளம்பினாள். முந்தின நாள் சாயங்காலம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வாசலில் குதிரைவண்டி நிற்க, பக்கத்து வீட்டு நூரான் கடுகெண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாடு பிரிந்த அந்தக் குளிர்காலத்தில் சிந்தி இந்துக் குடும்பங்கள் பெண்களை அவசரமாகக் கட்டிக்கொடுத்துவிட்டு ஊரைக் காலி செய்துகொண்டிருந்தன. கிஷ்னிக்கு நத்து, முத்து கோத்த மூக்கு வளையம், செய்து தருவதாகச் சொன்ன தட்டான் ஒரு வாரம் முன்னமே கப்பலேறிவிட்டான். நத்து இல்லாமல் மணப்பெண் உட்கார முடியாது. நூரான் தன்னுடையதைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். கம்பி தடிமன், துளை சின்னது. விடிவதற்குள் மூக்கு வீங்கி, நத்து கழற்ற வரவில்லை.

"அசையாதேடி. கழுதைகூட இப்படித் துள்ளாது."

"வலிக்குது நூரான்."

"நேத்து வலிக்கலையா? மாப்பிள்ளையைப் பாத்த மயக்கம்."

ரயிலுக்கு நேரமாகிறது என்று வண்டிக்காரர் கத்தினார். நூரான் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, போ. வீக்கம் வடிஞ்சதும் யார்கிட்டயாவது குடுத்தனுப்பு."

இரண்டு மாதத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

கராச்சித் துறைமுகத்தில் சோதனை போட்டவர்கள் வளையல், சங்கிலி, கொலுசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். சீழ் வைத்திருந்த மூக்கைப் பார்த்ததும் அங்கிருந்த பெண் முகம் சுளித்தாள். "இதைத் தொட்டா மூக்கே கையோட வந்துடும். போ." அப்படியாக, கிஷ்னியின் குடும்பத்தோடு கடல் தாண்டி வந்த ஒரே தங்கம் அவர்களுடையது அல்ல.

கல்யாண் அகதி முகாமில், பட்டாளம் விட்டுப்போன நீளக் கொட்டகையில், கோணித் திரை கட்டிப் பிரித்த ஓர் அறையில் குடியேறினார்கள். மூக்கு ஆறியது. நத்தைக் கழற்றி மாவு டப்பாவில் புதைத்து வைத்தாள். எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

இரவுகளில் மட்டும் அவள் ஷிகார்பூருக்குப் போய்வந்தாள். மேலே கூரை மூடிய கடைத்தெரு; கூரை ஓட்டைகளிலிருந்து வெளிச்சம் மாவு சலித்ததுபோல் இறங்கிக்கொண்டிருக்கும். கடைகளில் ஆள் இருக்காது. அவள் நத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நடப்பாள். நூரான் வீட்டுப் படியில் கடல் வந்து மோதிக்கொண்டிருக்கும். கதவைத் தட்டினால் உள்ளே சிரிப்பு கேட்கும், திறக்காது. தட்டிக்கொண்டே இருக்கும்போது விழித்துக்கொள்வாள்.

ரயில்களில் மிட்டாய் விற்றுக்கொண்டிருந்த அவள் கணவர் ஜெத்தானந்துக்கு ஐந்தாவது வருஷம் ஒரு துணிக்கடை வாடகைக்குக் கிடைப்பதாக இருந்தது. முன்பணத்துக்கு வழியில்லை. மாவு டப்பாவைப் பார்த்தார்.

"அது நூரானோடது" என்றாள் கிஷ்னி.

"எந்த நூரான்? அவ ஒரு நாட்டோட போயிட்டா."

"போனது நாம. அவ அங்கேயேதான் இருக்கா."

"அப்ப நான் சாகற வரைக்கும் ரயில் ரயிலா ஏறி இறங்கணுமா?"

அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். கடை வேறொருவருக்குப் போனது. ஜெத்தானந்த் மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. ரொட்டி வேண்டுமென்றால் தட்டைத் தட்டினார். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் ரயிலில் விற்றார்.

விற்க மாட்டாளே தவிர, கேட்டவர்களுக்கு இரவல் கொடுப்பாள். நான் பிறந்த அந்தக் கொட்டகையில் வேறு யாரிடமும் தங்கம் கிடையாது. மணப்பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவராக அதைத்தான் போட்டுக்கொண்டார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் அதைத் தேனில் தொட்டு வைத்தார்கள். எனக்கும் அப்படித்தான் வைத்தார்களாம். சாகக் கிடந்தவர்களின் உதட்டில் அதை நனைத்த தண்ணீரைச் சொட்டு விட்டார்கள்.

"கொட்டகைக்கே ஒரு மூக்குதான்னு ஆயிடுச்சு அக்கா" என்று கேலி செய்வாள் எதிர் அறை லாஜ்வந்தி.

"சிரிச்சுட்டுப் போ. நூரானோடது, வளைச்சுடாதே."

நத்து திரும்பி வந்ததும் புளி போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு முத்துகூட அசையவில்லை என்று தெரிந்தபின்தான் சோறு இறங்கும் அவளுக்கு. நூரானை நேரில் பார்க்காத பெண்களெல்லாம் நூரான் பெயரைச் சொல்லிக்கொண்டு வளர்ந்தோம். இரண்டு யுத்தங்கள் வந்தன. தபாலும் நின்றது. ஜெத்தானந்த் காலமானார், அவர் உதட்டிலும் அந்த நத்தின் தண்ணீரைத்தான் விட்டாள்.

ஏழு வருஷம் ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு 1980இல் நான் திரும்பியபோது, கிஷ்னி அக்கா முதலில் கேட்டது: "அந்தப் பக்கத்து ஆள் யாரையாவது பாத்தியா?"

பார்த்திருந்தேன். துபாயில் ஒரு டிரைவர், ஷிகார்பூர்க்காரன். நத்து விவரம் எல்லாம் சொல்லி முகவரி கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அதன்பின் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றாள். "அவ உசுரோட இருக்கணும். நான் என் கையால குடுக்கணும்" என்பாள்.

அடுத்த வருஷம், ஊருக்குப் போய்த் திரும்பிய அந்த டிரைவர் துபாயிலிருந்து ஒரு கேசட் அனுப்பினான். லாஜ்வந்தி அறையில் டேப் ரெக்கார்டர் இருந்தது. கோழிகள் கொக்கரிக்கும் சத்தம், ஒரு இருமல், பிறகு குரல்:

"கிஷ்னி, நூரான் பேசறேன். பல்லு நாலு போயிடுச்சு, குரல் இப்படித்தான் இருக்கும். கேளு. என் கடைசிப் பொண்ணுக்கு ரம்ஜான் முடிஞ்சதும் கல்யாணம். பெரிய நத்தா போடணுமாம் அவங்களுக்கு. உன்கிட்ட ஒண்ணு இருக்கே, அதை இந்த டிரைவர் பையன்கிட்ட குடுத்தனுப்பு. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே திருப்பி அனுப்பிடறேன்."