லெவலை எங்கிருந்து எண்ணுவது

"கேஜிஎஃப் மாதிரிகளை ஆய்விலிருந்து எடுத்துவிடலாம். திங்கட்கிழமை அந்த ஃபிரீசரைக் காலி செய்துவிடுங்கள்." ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. காலி செய்யச் சொன்னதும் ரத்தத்தைத்தான். கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில் என் ஊர்க்காரர்கள் நாற்பது பேர், ஆளுக்கு நான்கு தடவை கையை நீட்டிக் கொடுத்தது. அதை அவித்துக் குப்பையில் கொட்டச் சொல்கிறார்.

நான் முன்கோபக்காரி. பெங்களூரில் என்னோடு வேலை செய்யும் மங்களூர்க்கார நண்பன், சுரங்கக்காரர் பெண்ணுக்கு வாயில் வெடிமருந்து என்று கேலி செய்வான். அன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, ஃபிரீசர் சாவி போய்விடுமே என்று பயந்தேன்.

எங்கள் ஆய்வு டெங்குவைப் பற்றியது. வைரஸ் உள்ளே வந்த முதல் சில நாள் அதன் புரதம் ரத்தத்தில் திரியும். அதைக் கண்டுகொண்ட உடம்பு ஆன்டிபாடி தயாரிக்க ஆரம்பிக்கும். காய்ச்சல் வாரத்தில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான் இருக்கும், ஒரு மாதத்தில் உச்சிக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கும். அடியோடு போய்விடாது. அந்த மிச்சத்தில்தான் கூத்தே இருக்கிறது. டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகைக்காக உடம்பு செய்துவைத்த மிச்சம், அடுத்த வகை வரும்போது சில சமயம் காப்பாற்றும், சில சமயம் எதிரிக்கே கதவைத் திறந்துவிடும். யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? இந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் உட்காரத் தோன்றாது.

கேஜிஎஃப்பில் எங்கள் குடியிருப்பான ஸ்கெலட்டனில் குழாயில் தண்ணீர் வருவது அபூர்வம். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் வாசலில் டிரம், வாளி, பழைய பெயின்ட் டப்பா என்று எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும், கொசு கொழுக்கும். ஆய்வு தொடங்கிய மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். காய்ச்சல் வாரம் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. "காய்ச்சல் போனப்புறம் இன்னாத்துக்குமா ரத்தம்?" என்று கேட்டவர்களையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்தது எதிர்வீட்டு ஆன்ட்டிதான். சர்ச்சில் பெண்கள் சங்கத்தைக் கட்டி மேய்க்கிறவர். அவர் கூப்பிட்டு வராமல் இருக்க எங்கள் லைனில் யாருக்கும் தைரியம் கிடையாது.

முதலில் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தது தன் வீட்டுக்காரரை. அங்கிள் சுரங்கம் மூடும்வரை கீழே வேலை செய்தவர். ஊசி குத்தும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "அத்தினி ஆழம் எறங்கி ஏறிகினு இருந்தேன், ஒண்ணும் ஆவல. ஒரு கொசு வந்து படுக்க வெச்சிடுச்சி பாரு." நான்கு தடவையும் வரிசையில் அவர்தான் முதல் ஆள். நான்காவது தடவை கொடுத்து மூன்று மாதம் ஆவதற்குள் நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரத்தத்திலிருந்து சீரம் என்னும் தெளிநீரைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, காலை ரயிலில் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போவேன். கூட்டத்தில் நின்றுகொண்டு போன நாட்களில் அந்தப் பெட்டி என் தலைமேல் இருந்தது. ஒரு தடவைகூட ஐஸ் உருகியதில்லை. ஆய்வுக்கூடத்தில் பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஃபிரீசர் இரண்டு. பெங்களூர் ஆட்களுடையதை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி நண்பன் ஒன்றில் அடுக்கினான், கேஜிஎஃப் ஆட்களுடையதை நான் இன்னொன்றில் அடுக்கினேன். உள்ளே நான்கு தட்டு. அந்தக் குளிரில் டப்பாமேல் ஒட்டிய காகிதம் உரிந்து விழுந்துவிடும் என்பதால், கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம்: தட்டு ஒன்று, காய்ச்சல் வாரம். தட்டு இரண்டு, ஒரு மாதம். மூன்று, மூன்று மாதம். நான்கு, ஆறு மாதம். குப்பிகளின் மூடியில் ஆளின் எண் மட்டும் இருக்கும். என்னுடையதையும் சேர்த்து இரண்டு ஃபிரீசரையும் பரிசோதித்தது நண்பன். சேகரித்தவளே சோதித்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும் என்பது மேடத்தின் சட்டம்.

முடிவு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பெங்களூர்க்காரர்களுக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே ஏறி இறங்கியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கோ காய்ச்சல் வாரத்திலேயே ஆன்டிபாடி தாராளமாக இருந்தது, மூன்றாம் மாதம் உச்சிக்குப் போனது, ஆறாம் மாதம் துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமே இல்லை. உலகத்தில் எங்கேயும் இல்லாத உடம்பு எங்கள் உடம்பு என்று நினைத்தேன். சுரங்கத்துத் தூசியா, தண்ணீரா, தலைமுறையாகக் கீழே இறங்கிய ரத்தமா? ஒரு வாரம் ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். பரிசு வாங்கப் போகும்போது எந்தப் புடவை கட்டுவது என்பதுவரை யோசித்தாகிவிட்டது. ஆசை வெட்கமறியாது.

மேடம் முடிவுகளின் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "இப்படி நடக்காது. ரயிலில் பெட்டி சூடாகியிருக்கும். மாதிரிகள் கெட்டுப்போய்விட்டன," என்றார். அதற்குப் பிறகுதான் முதலில் சொன்ன அந்த வாக்கியம். புடவையெல்லாம் மடித்துப் பெட்டிக்குள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். ஊரிடம் சொல்லுமுன் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

"இன்னாமா, மூஞ்சி தொங்கிகினு கீது? குந்து," என்றார் ஆன்ட்டி. கையில் வீட்டுச் சாவிக்கொத்து. அதில் சுரங்கம் மூடியபோது அங்கிள் கொண்டுவந்த பித்தளை டோக்கன் கோத்திருக்கும். கீழே இறங்கும் ஒவ்வொருவரும் தன் எண் போட்ட டோக்கனை எடுத்துக்கொண்டு போய், மேலே வந்ததும் திருப்பி மாட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் திரும்பவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று சங்கு ஊதிவிடுவார்கள். ஆன்ட்டி அந்த டோக்கனைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "அவரு ரத்தம் அங்க பத்திரமா கீதில்ல?"

தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத மாதிரி ஆட்டினேன். இவரை நம்பவைத்து, இவர் மூலம் நாற்பது பேரை நம்பவைத்து, கடைசியில் எல்லாவற்றையும் அவித்துக் கொட்டப்போகிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஆன்ட்டிக்குப் புது மருமகள், திருப்பூர்ப் பெண். அவளைக் கூப்பிட்டு, "ஷோகேஸ்ல ரெண்டாவது லெவல்ல முறுக்கு டப்பா கீது, எடுத்தா கண்ணு," என்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டாவதுல துணிதானுங்க இருக்குதுங்க அத்தை."

"நல்லா பாரு. ரெண்டாவது லெவல்."

"பார்த்துட்டனுங்க. தரையிலருந்து ஒண்ணு, ரெண்டு."

ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டார். "லெவல யார்னா கீழ இருந்து எண்ணுவாங்களா? மேல இருந்துதானே எறங்கணும்."

"எங்கூர்ல மாடி எண்றாப்புல கீழருந்துதானுங்க எண்ணுவோம்," என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை. எங்கள் ஊரில் அலமாரித் தட்டுக்கும் லெவல் என்றுதான் பெயர். சுரங்கத்தில் முதல் லெவல் தரைக்குச் சற்றுக் கீழே. எண் ஏற ஏற ஆழம் கூடும். அதைக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு ஒன்று என்றால் மேலே, நான்கு என்றால் அடியில். அந்த ஃபிரீசரில் காய்ச்சல் வாரத்து ரத்தத்தை நான் உச்சித் தட்டில் வைத்தேன். வேறு எங்காவது வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வாசலுக்கு வந்து நண்பனுக்கு ஃபோன் போட்டேன். ஃபிரீசரில் ஒன்றாம் தட்டு எது என்று கேட்டேன். "ஏன் மாராய்த்தி, ஞாயிற்றுக்கிழமை கேட்கிற கேள்வியா இது? அடித்தட்டுதான். ஒன்றாம் மாடி கீழேதானே இருக்கும்," என்றான் கன்னடத்தில். மங்களூர்க்காரர்கள் தோழியை அப்படித்தான் மாராய்த்தி என்பார்கள். "நிச்சயமாகவா?" என்று மறுபடி கேட்டேன். பிறகு அவன் மெதுவாக, "நீ எங்கிருந்து எண்ணினாய்?" என்று கேட்டான்.

முறுக்கைக் கையில் திணித்த ஆன்ட்டியிடம், "வந்து சொல்றேன்," என்று கத்திவிட்டு, பஸ் பிடிக்க ராபர்ட்சன்பேட்டைக்கு ஓடினேன். பெங்களூர் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆளை ஏற்றியது. டிரைவரை இறக்கிவிட்டு நானே ஓட்டலாமா என்று இருந்தது. பஸ்ஸிலேயே நோட்டைத் திறந்து எங்கள் ஆட்களின் வரைபடத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தேன். காய்ச்சல் வாரம் ஒன்றுமில்லை, ஒரு மாதத்தில் உச்சி, பிறகு மெல்ல இறக்கம். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் நான் சொன்னால் போதாது. தப்பு செய்தவள் தப்புக்குச் சொல்லும் சமாதானத்தை மேடம் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. நல்லவேளை, வைரஸே சாட்சி சொல்லும். அதன் புரதம் காய்ச்சல் வாரத்து ரத்தத்தில்தான் இருக்கும், மாதங்கள் கழித்து எடுத்ததில் இருக்காது. அதைக் காட்டிக்கொடுக்கும் பட்டைக் கருவி எங்களிடம் இருந்தது. இரண்டு சொட்டு சீரம் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் சிவப்பாக இரண்டாவது கோடு விழும்.

நண்பன் எனக்கு முன்பே ஆய்வுக்கூடத்துக்கு வந்து கையுறை போட்டுத் தயாராக நின்றான். உச்சித் தட்டிலிருந்து ஐந்து, அடித்தட்டிலிருந்து ஐந்து எடுத்து, எண்ணை மறைத்து, கலைத்து வைத்தான். நான் சொட்டு விட்டேன். பிறகு இரண்டு பேரும் மேசை மேல் குனிந்து பத்துப் பட்டைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு பட்டையில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. நான் நண்பனின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். அடுத்தது, அதற்கடுத்தது. மொத்தம் நான்கில் கோடு விழுந்தது.

நான்கு மட்டுமா என்று எனக்குப் பகீரென்றது. அவன் மறைப்பைப் பிரித்தான். நான்கும் உச்சித் தட்டு. அடித்தட்டு ஐந்தும் வெறுமை. விடுபட்ட அந்த ஒன்றின் படிவத்தைத் தேடிப் பார்த்தோம். அவர் காய்ச்சல் கிட்டத்தட்ட விட்ட பிறகு கொடுத்தவர், அதற்குள் புரதம் போயிருக்கும். நண்பன் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான். நான் அந்த அறையை மூன்று தடவை சுற்றி வந்தேன்.

மேடத்துக்கு ஃபோன் செய்தோம். முழுவதும் கேட்டுவிட்டு, குப்பியில் எத்தனையாவது தடவை என்று எழுதாத முட்டாள்தனத்துக்கு இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். அது நியாயமான திட்டு. மீதி மாதிரிகளையும் இதே மாதிரி சோதித்துக் காட்டச் சொன்னார். பிறகு குரல் தணிந்தது. "அதுசரி, மேலேயிருந்து ஏன் எண்ணினாய்?"

"எங்க ஊர்ல ஒண்ணு மேலதான் மேடம். அதுக்கப்புறம் எல்லாமே கீழதான்," என்றேன். அவர் சிரித்த சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. திங்கட்கிழமை அந்த ஃபிரீசர் கதவில் வேறு தாள் ஒட்டினோம், மேலிருந்து கீழே அம்புக்குறி போட்டு. அந்த வாரம் முழுக்க மீதியையும் சோதித்தோம். குப்பியை நகர்த்தாமலே, கணக்கில் எல்லாத் தட்டும் அதனதன் இடத்துக்குத் திரும்பியது. எங்கள் நாற்பது பேரும் ஆய்வுக்குள்ளேயே நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு ஆன்ட்டியிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ரத்தம் குப்பைக்குப் போக இருந்ததையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நம்ம ரத்தமும் எல்லார் ரத்தம் மாதிரிதானா?" என்றார்.

"ஆமா ஆன்ட்டி, அப்படியே பெங்களூர்க்காரங்க மாதிரிதான்."

"அத கண்டுபுடிக்க இத்தினி நாளா?" என்றார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முறுக்கு எடுக்க எழுந்தவள் ஷோகேஸ் முன்னால் நின்று, "மேலருந்துதானுங்களே அத்தை?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினாள்.

கோடு விழுந்த பட்டைகளை என் ஃபோனில் காட்டினேன். எந்த எண் யாருடையது என்று வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு படத்தில் என் விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டது. ஆன்ட்டி அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்து டோக்கனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"பேரு போட்டு எழுதுவீங்களா அதுல?"

"பேரு வராது ஆன்ட்டி. நம்பர் மட்டும்தான் வரும்."

"கீழ போறப்பவும் அவருக்கு நம்பர்தான்," என்றார். "உச்சித் தட்டுலதானே கீது? நம்பர் மேல வந்துட்டா ஆளு வந்துட்டாருன்னு அர்த்தம்."