நான்காவது பிள்ளைக்கு வளைகாப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அந்த நான் ஒரு வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். கட்டி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் என் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். கிள்ளானில் இருந்த என் தங்கை மூன்று பெற்றவள். நான்காவதாக ஒன்றை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்றே பெற்றுத் தருகிறேன் என்றாள். அவள் வீட்டுக்காரரும் தலையாட்டினார். எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

சனிக்கிழமைதோறும் முருங்கைக்கீரையும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு கிள்ளான் பஸ் பிடிப்பேன். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு, துருவிய ஐஸில் சர்க்கரைப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் சாப்பிடுவாள். புருஷனின் மோட்டார் சைக்கிளில் ஏறி பாசாருக்குக் காய் வாங்கப் போவாள். வேறு யாராவது என்றால் கிழி கிழி என்று கிழித்திருப்பேன். ஆனால் கோபித்துக்கொண்டு அவள் மனம் மாறிவிட்டால்? "பாத்துப் போ" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு செய்யலாம் என்றேன். தங்கை சிரித்தாள்.

"நாலாவதுக்கு யாரு அக்கா வளைகாப்பு போடுவாங்க? ஆளுங்க சிரிப்பாங்க லா."

"உனக்குத்தான் நாலாவது. எனக்கு இதான் மொதல்."

அவள் காலண்டரை எடுத்து நாள் பார்த்தாள்.

வயிற்றுப் பிள்ளை வளையல் சத்தம் கேட்டு வளரும் என்பார்கள். கடையில் ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, நல்ல ஓசை வரும் கண்ணாடி வளையலாக நானே பொறுக்கினேன். ஐந்து வகைச் சாதமும் நானே கிளறினேன். வந்த பெண்கள் அவள் இரண்டு கையிலும் வளையலை அடுக்கினார்கள். என் முறை வந்தபோது அவசரத்தில் அவள் கன்னத்தில் சந்தனத்தை அப்பிவிட்டேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். பிள்ளைக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை போனபோது தங்கை என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"இரு அக்கா, ஒன்னு காட்டறேன்."

வளையல் கையை வயிற்றருகே கொண்டுபோய்க் குலுக்கினாள். உள்ளிருந்து ஒரு உதை. மறுபடி குலுக்கினாள். மறுபடி உதை.

"பாத்தியா? என் சத்தம் தெரியுது அதுக்கு."

வளைகாப்பில் எல்லோருக்கும் கொடுத்த வளையல் என் கையிலும் இருந்தது. நானும் குலுக்கினேன். கொஞ்சம் பொறுத்து, பலமாகக் குலுக்கினேன். அசைவே இல்லை.

"தூங்கிடுச்சு போல" என்றாள் தங்கை, என் முகத்தைப் பார்க்காமல்.

பிரசவம் ஆகும்வரை அந்த வளையல்களைக் கழற்றக் கூடாது. அதுதான் வழக்கம். இன்னும் இரண்டு மாதம், அவள் சமைக்கும்போதும் துணி பிழியும்போதும் தன் மூன்று பிள்ளைகளுக்குத் தலை வாரும்போதும் பிள்ளை அவளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். உன் அம்மா இவள்தான் என்று என் பிள்ளைக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.